“இனி ஒன்றுமில்லை” என்ற பின்னும்



கல்முனையில் வடக்கு ஆதார வைத்தியசாலையும் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் உள்ளன. பாரிசவாதமோ நடுக்குவாதமோ தமிழர் வீடு, முஸ்லிம் வீடு என்று பார்த்து வருவதில்லை. “இனிக் குணப்படுத்த முடியாது” என்று கேட்டதும் நாம் இடிந்துபோகிறோம். ஆனால், குணமாக்குதல் முடிந்தாலும் பராமரித்தல் முடிவதில்லை. 1967இல் லண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் உலகுக்குக் காட்டிய வழி இதுவே.

நாம் செய்யவேண்டியவை எவை?

1. விழுங்கச் சிரமப்படுபவருக்குப் படுத்தபடியே கஞ்சி பருக்காதீர்கள். நிமிர்த்தி இருத்தி, சிறிது சிறிதாக ஊட்டுங்கள். உணவு சுவாசப்பைக்குள் சென்றால் நியூமோனியா உண்டாகும்.

2. அசைய முடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையேனும் புரட்டிவிடுங்கள், படுக்கைப்புண் தவிரும்.

3. பேச்சுப் போனவருக்குப் புத்தியும் போயிற்றென எண்ணாதீர்கள். பேச்சு இருக்கும்போதே அவருடைய விருப்பங்களைக் கேட்டறியுங்கள்.

நோவு தணிக்கும் மருந்து பாவமாகுமா? ஆகாது. மரணத்தை நாடாமல், நோவைத் தணிக்கவே கொடுக்கும் மருந்து, ஆயுளைக் குறைக்கக்கூடுமாயினும், தகும் என்று பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1957இல் போதித்தார். கருணைக்கொலையோ ஒருபோதும் தகாது.

நோயிற்பூசுதலுக்குக் கடைசி மூச்சுவரை காத்திராமல், நோயாளி தாமே செபிக்கக்கூடிய வேளையில் குருவானவரை அழையுங்கள். நடுக்குவாதத்தால் தளர்ந்து, 2005இல் மரித்த பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் தம் தளர்ச்சியை மக்கள் கண்ணிலிருந்து மறைக்கவில்லை. நம் வீட்டு நோயாளியையும் நாம் மறைத்துவைக்க வேண்டாம்.

இவ்வாரம் ஒருவரைச் சந்தியுங்கள். அடுத்த கட்டிலில் இருப்பவர் முஸ்லிம் சகோதரராயினும் அவர் கையையும் பற்றுங்கள். நல்ல சமாரியன் அடிபட்டவனிடம் ஊரும் குலமும் கேட்கவில்லையே!