வைகாசி விசாகத்துக்கு வீட்டுப் பூ: எட்டடி மண்ணுல என்ன நடலாம்?



தை மாசம் நர்சரிப் பக்கம் போனா எல்லாச் செடியும் பூவோட நிக்கும். எதைப் பார்த்தாலும் வாங்கத் தோணும். ஆனா நாம அங்க பாக்கறது தை மாசத்துப் பூ. நமக்கு வேண்டியது சித்திரை, வைகாசி வெயில்ல பூக்கற பூ. இந்த வித்தியாசம் எனக்குப் புரிய ஒரு முழு கோடைக்காலம் ஆச்சு.

எங்க வீடு சென்னைக்குக் கொஞ்சம் வெளியே, கீழ்த்தளம். சம்ப்புக்கும் காம்பவுண்ட் சுவருக்கும் நடுவுல எட்டடிக்கு நாலடி மண் இருக்கு. அதைத் தோட்டம்னு சொன்னா அம்மா சிரிப்பாங்க. வைகாசி விசாகத்தன்னைக்குக் கடையில வாங்காம நம்ம வீட்டுப் பூவையே முருகனுக்கு வைக்கணும், அவ்வளவுதான் என் ஆசை. முதல் வருஷம் நாலு சாமந்தி, ஒரு செவ்வரளி வாங்கி நட்டேன்.

சாமந்தி வாங்கும்போது பூவும் மொட்டுமா இருந்தது. மாசியோட பூ முடிஞ்சது. அப்புறம் வெறும் இலைதான். சத்து பத்தலையோன்னு மண்புழு உரம் போட்டேன், இன்னும் நல்லா இலை வந்தது! பிறகுதான் படிச்சுத் தெரிஞ்சுகிட்டேன்: சாமந்தி இரவு நீளமா இருக்கற காலத்துலதான் மொட்டு வைக்கும். சென்னையில டிசம்பர் கடைசியில பகல் சுமார் 11 மணி 20 நிமிஷம். ஜூன்ல அது கிட்டத்தட்ட 13 மணி நேரம். நீளமான பகல்ல செடி வளரும், பூக்கத் தயங்கும். ஆபீஸ் பாஷையில சொன்னா, கோடு சரியாத்தான் இருந்தது, கொடுத்த இன்புட்தான் தப்பு.

செவ்வரளி கதை வேற. முருகனுக்கு உகந்த பூ, வெயிலைத் தாங்கும், தண்ணி கம்மியாப் போதும்னு யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. எல்லாமே உண்மை. என் செடியும் சித்திரையில அருமையாப் பூத்தது. ஒரு ஞாயித்துக்கிழமை அக்கா அவ பொண்ணோட வந்திருந்தா. குழந்தைக்கு ரெண்டு வயசு. நான் போன் பேசிட்டுத் திரும்பிப் பார்த்தா அவ வாயில சிவப்பா ஒரு இதழ். அம்மா ஓடிவந்து விரலை விட்டு எடுத்துட்டாங்க. உடனே ஆஸ்பத்திரி. இசிஜி எடுத்து, சாயங்காலம் வரைக்கும் வச்சுப் பார்த்துட்டு, ஒண்ணும் இல்லைன்னு அனுப்பினாங்க. அந்த அஞ்சாறு மணி நேரம் அக்கா என்கிட்ட ஒரு வார்த்தை பேசல.

அரளியில இலை, பூ, தண்டு, வேர் எல்லாத்துலயும் விஷம் இருக்கு. ஒலியாண்ட்ரின் மாதிரியான பொருட்கள் இதயத் துடிப்பையே குலைக்கும். 2024 மே மாசம் கேரளாவுல திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டும் மலபார் தேவஸ்வம் போர்டும் நைவேத்தியத்துலயும் பிரசாதத்துலயும் அரளிப்பூ சேர்க்கக் கூடாதுன்னு நிறுத்தினாங்க. அதனால சாமிக்கு அரளி சாத்தவே கூடாதுன்னு நான் சொல்லல. எங்க வீட்டுல இன்னமும் செவ்வாய்க்கிழமை கடையில வாங்கி மாலை போடறோம். ஆனா சர்க்கரைப் பொங்கல் தட்டுமேல அந்தப் பூ விழாமப் பாத்துக்கறோம். சின்னக் குழந்தையோ ஆடு மாடோ எட்டற இடத்துல செடி வைக்காதீங்க. வச்சிருந்தா, வெட்டின கிளையைத் தெருவுல போடாதீங்க, எரிக்கவும் வேண்டாம், அந்தப் புகையும் ஆகாது.

செவ்வரளியைப் பிடுங்கின பிறகு, முருகனுக்குச் சிவப்புப் பூவே இல்லாமப் போச்சேன்னு எனக்கு வருத்தம். அம்மாதான் சொன்னாங்க, "ஏன்டா, இட்லிப்பூ வெச்சா என்ன? எங்க ஊர் முருகன் கோயில்ல அதானே பறிச்சுப் போடுவோம்."

இட்லிப்பூ, விருட்சிப்பூ, வெட்சி எல்லாம் ஒரே செடிதான். நர்சரியில இக்சோரான்னு கேட்டாலும் குடுப்பாங்க. திருமுருகாற்றுப்படையில முருகன் சூடற பூக்கள்ல கடம்பு, காந்தள், வெட்சி மூணும் உண்டு. இதுல கடம்பு பெரிய மரம், எட்டடி மண்ணுக்கு ஆகாது. செங்காந்தள் கிழங்கு மழைக்குத்தான் முளைக்கும், வெயில் காலத்துல மண்ணுக்குள்ள தூங்கும். அதுவும் விஷச்செடிதான். ஆக நம்ம சின்ன இடத்துக்கு, கோடைக்கு, மிச்சம் இருக்கறது வெட்சி. குட்டை வகையும் இருக்கு, ஆனா சிவப்புப் பூ பூக்கற நாட்டு வகையே எனக்குப் பிடிச்சது.

வெட்சிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சுண்ணாம்புத்தன்மை அதுக்கு ஆகாது. சிமெண்ட் சுவரை ஒட்டி நட்டாலோ, உப்புப் போர் தண்ணியையே ஊத்தினாலோ இலை நரம்பு மட்டும் பச்சையா இருந்து மத்ததெல்லாம் மஞ்சளாகும். இரும்புச்சத்தை வேர் எடுக்க முடியாததோட அடையாளம் அது. சுவர்ல இருந்து ஒன்றரை அடி தள்ளி, பழைய கட்டட இடிபாட்டையெல்லாம் பொறுக்கி எடுத்துட்டு, செம்மண்ணும் மக்கின சாணமும் கலந்து நட்டேன். தண்ணிக்கு ஒரு வழி கிடைச்சது: ஏசித் தண்ணி. அதுல உப்பே கிடையாதுன்னு சொல்லலாம். ராத்திரி பைப் கீழ பக்கெட் வச்சா காலையில ரெண்டு செடிக்கும் சரியா இருக்கு. ஆர்ஓ மெஷின்ல இருந்து வர்ற கழிவுத் தண்ணியை மட்டும் ஊத்திடாதீங்க, அதுல உப்பு கூடுதலா இருக்கும்.

செடி வாங்கறதுக்கு முன்னாடி இன்னொரு வேலை. ஒரு லீவு நாள்ல காலை 7 மணியில இருந்து மாலை 6 வரைக்கும் மணிக்கு ஒரு போட்டோ, ஒரே இடத்துல நின்னு எடுங்க. எந்த மூலையில எத்தனை மணி நேரம் வெயில் விழுதுன்னு தெரிஞ்சுடும். எனக்குச் சம்ப் பக்கம் ஆறு மணி நேரம், சுவர் பக்கம் நாலுதான். அதனால வெட்சி சுவர் பக்கம். நல்ல வெயில் விழற பக்கம் குண்டுமல்லி ரெண்டு.

மல்லி கோடைக்குன்னே பிறந்த செடி, பங்குனியில இருந்து வாசம்தான். புதுத் துளிர்லதான் மொட்டு வரும். அதனால மார்கழி வாக்குல தரையில இருந்து ஒன்றரை அடி உயரத்துக்குக் கவாத்து பண்ணணும். முதல் தடவை வெட்டும்போது கை நடுங்கும், பரவாயில்ல, வெட்டுங்க. ஓரத்துல ஓரடி இடைவெளியில வாடாமல்லி. மாசியில விதைச்சா வைகாசிக்குப் பூ வந்துடும், பறிச்சு ஒரு வாரம் வச்சாலும் நிறம் போகாது. செம்பருத்தியை நான் விட்டுட்டேன். நல்ல பூதான், ஆனா எங்க தெருவுல வெயில் வந்தா மாவுப்பூச்சியும் கூடவே வந்துடுது. வாராவாரம் வேப்பெண்ணெய் அடிக்க எனக்கு நேரம் இல்ல. நேரம் இருக்கறவங்க நடலாம்.

எதுவா இருந்தாலும் மாசிக்குள்ள நட்டுடுங்க. மே 4 வாக்குல அக்னி நட்சத்திரம் தொடங்கறதுக்குள்ள வேர் பிடிச்சிருக்கணும். காலை 7 மணிக்குள்ள தண்ணி, செடி அடியில ரெண்டு அங்குலத்துக்குக் காஞ்ச சருகு. தண்டை ஒட்டி மட்டும் சருகு குமிக்காதீங்க.

இந்த வருஷம் விசாகத்துக்கு வெட்சியில ஒன்பது கொத்து இருந்தது. வேலுக்குப் போதும்னு எண்ணி வச்சிருந்தேன். காலையில குளிச்சுட்டு வந்து பார்த்தா ஆறுதான் இருக்கு. அக்கா பொண்ணு திண்ணையில உக்காந்து, ஒவ்வொரு பூவாப் பிடுங்கி, காம்புல தேன் உறிஞ்சிட்டிருந்தா. யார் சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டேன். பாட்டியைக் கை காட்டினா. அம்மா என்னைப் பார்க்காம மல்லி கட்டிட்டிருந்தாங்க.