ஆடிக் காற்றும் விமானக் கணக்கும்

விமானம் ஓட்டத் துணிச்சல் வேண்டும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். துணிச்சல் வேண்டும்தான். அதற்கு முன்பு வேண்டியவை ஒரு தாளும் பென்சிலும். விமானி புறப்படுமுன் தரையிலேயே போட்டு முடிக்க வேண்டிய கணக்கைப் பற்றியதே இக்கட்டுரை. அக்கணக்கு நமது பி.எஸ்சி. பாடத்துக்கு அப்பாற்பட்டதன்று.

நம் நாட்டில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 20 மணி நேரம், தம் பொறுப்பிலேயே ஊர்விட்டு ஊர் பறந்ததாக இருக்க வேண்டும். அவற்றுள் ஒரு பயணமாவது 300 கடல் மைல், அதாவது சுமார் 556 கிலோமீட்டர் தூரத்துக்குக் குறையாமல், வழியில் இரண்டு வெவ்வேறு விமான நிலையங்களில் இறங்கிச் செல்வதாக அமைய வேண்டும். அங்கே மாணவருக்கு வழித்துணை அவர் போட்ட திட்டமே.

முன்னோடிகள்

1930ஆம் ஆண்டு ஆகாகான் பரிசுக்காக, இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே இளைஞர்கள் தனியே பறந்தனர். அவர்களுள் ஒருவரான ஆஸ்பி இன்ஜினியர், எகிப்தில் ஸ்பார்க் பிளக் இன்றித் தவித்தார். எதிர்த்திசையில் வந்த போட்டியாளர் ஜே.ஆர்.டி. டாட்டா தம்மிடமிருந்த பிளக்குகளைக் கொடுத்து உதவினார். பரிசு ஆஸ்பிக்கே கிடைத்தது. பின்னாளில் அவர் இந்திய விமானப்படையின் தளபதியானார்.

1932 அக்டோபர் 15 அன்று டாட்டா கராச்சியிலிருந்து தபாலுடன் அகமதாபாத் வழியே பம்பாய் வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மறுநாள் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அகமதாபாத்தில் அவ்விமானத்துக்கு வேண்டிய பெட்ரோல் மாட்டு வண்டியில் வந்ததாம்! வண்டி வராவிட்டால் விமானம் எழும்பாது. திட்டம் என்பதன் பொருள் இதுதான்.

திட்டத்துக்கு வேண்டியவை

முதலாவது, வான்வழி வரைபடம். மலைகளின் உயரமும், மேலிருந்து கண்டுகொள்ளத் தக்க அடையாளங்களும் அதிலிருந்து தெரியவேண்டும். நம் பக்கத்தில் வைகை அணையின் நீர்ப்பரப்பும் மதுரை–போடி இரயில் பாதையும் நல்ல அடையாளங்கள். இரண்டாவது, வானிலை அறிக்கை. மூன்றாவது, நோட்டாம் எனப்படும் விமானிகளுக்கான அறிவிப்பு. ஓடுபாதை மூடப்பட்டிருந்தால் அது சொல்லிவிடும். நான்காவது, எரிபொருள் கணக்கு. ஐந்தாவது, சேருமிடத்தில் இறங்க இயலாவிடில் எங்கே இறங்குவது என்ற முடிவு.

காற்றுக் கணக்கு

‘ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்’ என்பார்கள். காற்றில் மணிக்கு 180 கி.மீ. செல்லும் சிறு விமானம், 280 கி.மீ. தூரம் சென்று திரும்புவதாகக் கொள்வோம். காற்றில்லா நாளில் 187 நிமிடம் ஆகும். போகும்போது 40 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று வீசினால், தரையைப் பொறுத்த வேகம் 140. போக 120 நிமிடம். திரும்பும்போது வேகம் 220; 76 நிமிடம். மொத்தம் 196. போகையில் இழந்ததை வருகையில் மீட்டுவிடலாம் என்பது பொய்க்கிறது. அந்த 9 நிமிடத்துக்கும் பெட்ரோல் வேண்டும். காற்று பக்கவாட்டில் வீசினால் திசையன் முக்கோணம் வரைந்து, விமானத்தின் மூக்கை எத்தனை பாகை திருப்ப வேண்டும் எனக் காணவேண்டும். வகுப்பில் நாம் போட்ட ‘ஆற்றைக் கடக்கும் படகு’க் கணக்கே இது.

நம் பள்ளத்தாக்கு

கம்பம் பள்ளத்தாக்கு வடகிழக்கே வாய் திறந்து, தெற்கே போகப் போக ஒடுங்கிக் குமுளி மலையில் முட்டுகிறது. கம்பம் சுமார் 400 மீட்டர் உயரம். குமுளி சுமார் 900 மீட்டர். நேர்கோட்டில் இடைவெளி 18 கி.மீ. அளவே. ஒரு பயிற்சி விமானம் கம்பத்திலிருந்து தாழப் பறந்து அம்மலையைத் தாண்ட முயல்வதாகக் கற்பனை செய்வோம். தரையைப் பொறுத்து 120 கி.மீ. வேகத்தில் சென்றால் அதற்குக் கிடைப்பது 9 நிமிடம். நிமிடத்துக்கு 150 மீட்டர் ஏறினால் 1350 மீட்டர் ஏறிவிடும். தாளில் கவலையில்லை.

ஆனால் தென்மேற்குப் பருவக் காற்று கேரளப் பக்கம் மலையேறி, நம் பக்கச் சரிவில் கீழே இறங்குகிறது. இறங்கும் காற்று நிமிடத்துக்கு 100 மீட்டர் அமுக்கினால், மிஞ்சும் ஏற்றம் 50 மீட்டர். 9 நிமிடத்தில் 450 மீட்டர். வேண்டியதோ 500! மலை எதிரே நிற்க, இருபுறமும் ஒடுங்கிய இடத்தில் திரும்பவும் வழியிராது. ஆகவே தேனிக்கு மேலேயே வட்டமிட்டு உயரம் சேர்த்துக்கொள்ள வேண்டும். காற்றடங்கிய காலை நேரத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ‘இந்த ஊருக்குள் இவ்வளவு உயரம் வராவிட்டால் திரும்பிவிடுவேன்’ என்று தரையிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

முடிவுரை

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். விமானப் பயிற்சிக்குப் பல இலட்சம் ரூபாய் வேண்டும். நம்மில் பலருக்கு அது எட்டாதது. ஆயினும் வான்துறைக்கு வேறு வாயிலும் உண்டு. இந்திய விமான நிலைய ஆணையத்தின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பணித் தேர்வை, இயற்பியலும் கணிதமும் பயின்ற பி.எஸ்சி. பட்டதாரிகள் எழுதலாம். திராட்சைக் கொடிக்கு மருந்தடிக்குமுன் காற்றுப் பார்க்கும் உழவர் வீட்டுப் பிள்ளைகள் நாம். மாணவ நண்பர்களே, சார்புத் திசைவேகத்தைத் தேர்வோடு மறந்துவிடாதீர்கள். வானில் ஒருவர் உயிர் அந்தக் கணக்கை நம்பியிருக்கிறது.