பாசி முதலில் கைக்குத்தான் தெரியும்

பிரிஸ்பேன்

அன்புள்ள கயல்,

புது வீட்டு நீச்சல்குளத்தை மண் போட்டு மூடிவிடலாம் என்று உன் அப்பா சொல்கிறாராமே. பார்வை குறைந்துகொண்டே வரும் பெண் அதை எப்படிப் பராமரிப்பாள் என்பது அண்ணனின் கவலை. நம் குடும்பத்தில் இறங்கிவரும் அதே ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவோடு நான் 11 ஆண்டுகளாக ஒரு குளத்தைப் பராமரிக்கிறேன். மண் கொட்டும் முன் இந்தக் கடிதத்தைப் போனில் படிக்கவிட்டுக் கேள்.

தண்ணீர் பச்சையான பிறகுதான் பலர் பதறுவார்கள். பாசி அதற்கு முன்பே சுவரில் பிடித்துவிடும். தினமும் காலையில் படியில் உட்கார்ந்து, நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே சுவரைத் தடவிப் பார்ப்பேன். வழுவழுத்தால் அன்றே பிரஷ் போட்டுத் தேய்ப்பேன், குளோரினும் சேர்ப்பேன். மூக்கை நம்பு, ஆனால் அது சொல்வதைச் சரியாகப் புரிந்துகொள். கண் எரியும்படி 'குளோரின் வாடை' அடித்தால் குளோரின் கூடிவிட்டது என்று நினைத்துவிடாதே. வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து குளோரமீனாகிப்போனதன் வாடை அது. பெரும்பாலும் குளோரின் போதவில்லை என்றுதான் அதற்குப் பொருள்.

பம்ப் களகளவென்று காற்றை இழுத்தால் நீர்மட்டம் இறங்கியிருக்கும், அல்லது இலைக்கூடை அடைத்திருக்கும். கூடையைக் கையுறை இல்லாமல் தொடாதே. இந்த ஊர்ச் சிலந்திகளுக்கு அந்த இடம் பிடிக்கும். தண்ணீர் திரும்பி வரும் துவாரத்தின் முன் உள்ளங்கையை வை. வேகம் குறைந்திருந்தால் வடிகட்டியைக் கழுவவேண்டும். கழுவ வால்வைத் திருப்பும் முன் பம்பை நிறுத்து. 'ஃபில்டர்', 'பேக்வாஷ்' இரண்டுக்கும் நேரே புடைப்புப் பொட்டு ஒட்டிவிட்டால் திருப்புவது எளிது.

நான் திணறியது தண்ணீரைச் சோதிப்பதில்தான். அதற்கான சொட்டுத் திரவங்களெல்லாம் நிறத்தை நம்பியவை. பிஎச் குறைந்தால் மஞ்சள், ஏறினால் சிவப்பு. யாராவது வந்து நிறம் சொல்லட்டும் என்று காத்திருந்தே ஒரு கோடைக்காலம் போயிற்று. பிறகு எண்ணாகக் காட்டும் ஃபோட்டோமீட்டர் வாங்கினேன். அதன் திரையை 'சீயிங் ஏஐ' செயலி போனில் வாசித்துவிடும். சில நேரம் புள்ளியை விழுங்கி 7.4ஐ 74 என்று சொல்லும். அதனால் எல்லைகளை மனப்பாடம் செய்துகொள்: பிஎச் 7.2 முதல் 7.8, குளோரின் 1 முதல் 3 பிபிஎம்.

இனி சொல்வதை இரண்டு முறை கேள். என் குளம் 10 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர், அதாவது 60,000 லிட்டர். 65 சதவீதக் குளோரின் தூள் 100 கிராம் போட்டால் ஏறக்குறைய 1 பிபிஎம் ஏறும். தலைதட்டி அளந்தால் 100 கிராம் பிடிக்கும் கிண்ணம் ஒன்று வைத்திருக்கிறேன். பிஎச்சைக் குறைக்கப் போடும் திரவ அமிலத்தைக் கைவிட்டுவிட்டேன். தெறித்தால் எங்கே விழுந்தது என்று நமக்குத் தெரியாது. இப்போது தூள் அமிலம்தான். வாளியில் முதலில் தண்ணீர், பிறகுதான் தூள். குளோரினும் அமிலமும் துளி சேர்ந்தாலும் விஷவாயு கிளம்பும். இரண்டும் தூள் என்பதால் கை ஏமாறக்கூடும். குளோரின் வட்ட டப்பாவில், தோட்டக் கொட்டகையில் இருக்கிறது. அமிலம் சதுர டப்பாவில், வீட்டின் மறுபக்கம். கிண்ணங்களும் வேறு வேறு. ஒரே நாளில் இரண்டையும் போடுவதில்லை. காற்று முதுகில் படும்படி நின்றே ஊற்றுவேன்.

ஒன்றை மட்டும் நம் கையால் செய்ய முடியாது. பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது பார்வையுள்ள பெரியவர் ஒருவர் கரையில் இருக்கவேண்டும். மூழ்குபவர் பெரும்பாலும் சத்தம் போடுவதில்லை, நம் காதுக்கு எதுவும் எட்டாது. வேலி இந்த மாநிலச் சட்டப்படி குறைந்தது 1.2 மீட்டர் உயரம் இருக்கவேண்டும், கதவு தானாகச் சாத்தித் தாழிட்டுக்கொள்ள வேண்டும். நீ ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் அந்தத் தாழ் 'டக்'கென்று விழும் சத்தம் கேட்கும்வரை அங்கேயே நில்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். புடைப்புப் பொட்டுகளும் கிண்ணமும் கொண்டுவருவேன். அதற்குள் உன் குளத்தின் நீள அகல ஆழத்தை அப்பாவையே அளந்துவைக்கச் சொல்.

அன்புடன்,
அத்தை