ஸுப்ஹு வேளையில் சர்க்கரை ஏன் ஏறுகிறது?

ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு நாள் ஸுப்ஹுத் தொழுகை முடிந்ததும் பெரியவர் ஒருவர் நம் அருகில் வந்து அமர்ந்தார். பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு உள்ளவர். "ஹஜ்ரத், ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டதுதான். அப்புறம் பச்சைத் தண்ணீர் தவிர வேறொன்றும் வாயில் படவில்லை. இப்போது விரலில் குத்திப் பார்த்தால் 190 காட்டுகிறது. ஒன்றும் தின்னாதவன் உடம்பில் சர்க்கரை எங்கிருந்து வரும்?" என்று கேட்டார்.

நாம் மதரஸாவில் ஓதியவர்களேயன்றி மருத்துவர் அல்லோம். எனினும் இது அவர் ஒருவருடைய கேள்வி அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தி 2023-ல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேர் நீரிழிவு உள்ளவர்கள். தமிழ்நாட்டிலோ வயது வந்தோரில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல். எனவே மருத்துவர்களிடம் கேட்டறிந்ததை நம் வீட்டு வழக்கங்களோடு பொருத்தி இங்கே எழுதுகிறோம்.

கல்லீரல் என்னும் பத்தாயம்

அறுவடை நெல்லைப் பத்தாயத்தில் கொட்டி வைத்துத் தேவைக்கு அள்ளுகிறோம். அதுபோல உண்ட உணவின் சர்க்கரையில் ஒரு பங்கைக் கல்லீரல் சேமித்து வைக்கிறது. நாம் உறங்கும்போது மூளைக்கும் இதயத்துக்கும் வேண்டியதை அதிலிருந்து சிறுகச் சிறுக விடுகிறது. விடியலுக்கு முன் உடலை எழுப்பும் சில சுரப்பிகள் வேலையைத் தொடங்கும்போது பத்தாயம் இன்னும் சற்று அதிகமாகத் திறக்கிறது. நலமுள்ளவரின் உடலில் இன்சுலின் அதனை அளவோடு நிறுத்துகிறது. நீரிழிவாளருக்கு அந்தக் காவல் தளர்ந்துவிட்டது. ஆகவே வெறும் வயிற்றிலும் சர்க்கரை ஏறுகிறது.

வெறும் வயிற்றில் 100-க்குக் கீழ் இருப்பது நலம். 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 126-ம் அதற்கு மேலும் இரு முறை காட்டினால் அது நீரிழிவு. நோயுற்றவர் பெரும்பாலோர் காலையில் 80 முதல் 130-க்குள் வைத்துக்கொள்ள முயல வேண்டும் என்பர்.

இரவுத் தட்டைப் பாருங்கள்

விடியல் ஏற்றம் ஒரு காரணம். இரவுத் தட்டு மற்றொரு காரணம். தாமிரபரணிக் கரையில் நெல்லும் வாழையும் அல்லாஹ் நமக்களித்த பாக்கியங்கள். ஆனால் இஷாத் தொழுது, கதை பேசி, பத்து மணிக்குத் தட்டு நிறையச் சோறுண்டு, மேலே ஒரு பழமும் தின்று அப்படியே படுத்தால், ஏறிய சர்க்கரை இறங்கும் முன்பே விடிந்துவிடும்.

எது காரணம் என்று அறிய மூன்று நாள் குறித்து வையுங்கள். படுக்கும் முன் ஒரு முறை, தஹஜ்ஜுதுக்கு எழும் மூன்று மணியளவில் ஒரு முறை, ஸுப்ஹுக்குப் பின் ஒரு முறை. படுக்கும்போதே அதிகமெனில் குற்றம் தட்டில். இரவில் சரியாக இருந்து காலையில் மட்டும் ஏறினால் அது விடியல் ஏற்றம். குறிப்பை மருத்துவரிடம் காட்டுங்கள். மூன்று மணிக்கு 70-க்குக் கீழ் இருந்தாலோ வியர்த்து விழித்தாலோ உடனே சர்க்கரை நீர் அருந்தி, மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்து மிகுதியாக இருக்கலாம்.

உணவை மஃரிபுக்குப் பின் விரைவில் முடித்துவிடுங்கள். முதலில் காய்கறி, அடுத்து மீனோ முட்டையோ பருப்போ, கடைசியில் வழக்கத்தில் பாதி அளவு சோறு. நம் கரையில் கிடைக்கும் சாளையும் அயிலையும் குழம்பில் போட நல்லவை, பொரிக்க வேண்டியதில்லை. உண்டபின் கால் மணி நேரம் நடந்துவிட்டு இஷாவுக்குச் செல்லலாம். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் இரவு உணவை அறவே விட்டுவிடக் கூடாது. மருந்தைத் தாமாகக் குறைக்கவும் கூடாது.

சில தவறான எண்ணங்களும் உண்டு. கருப்பட்டிக் காப்பி கெடுதல் செய்யாது என்பர். கருப்பட்டியில் பெரும்பகுதி சர்க்கரையே. தேனும் அவ்வாறே. கேழ்வரகுக் கூழும் மாவுச்சத்துத்தான். அளவு மீறினால் சோற்றைப் போலவே ஏற்றும். வயிற்றில் மூன்றிலொரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்துத் தந்த அளவு திர்மிதியில் பதிவாகியுள்ளது. நீரிழிவாளருக்கு இதைவிட எளிய உணவு விதி எது?

ரமழானில் என்ன செய்வது?

அப்பெரியவர் எழுந்து போகும் முன் இன்னொன்றும் சொன்னார். முந்தைய ரமழானில் மருத்துவர் தடுத்தும் நோன்பு வைத்து, அஸருக்கு முன் ஹவுள் கரையில் மயங்கி விழுந்தாராம். "நோன்பை விட்டால் அல்லாஹ் பிடிப்பானே" என்று கண் கலங்கினார்.

அன்பர்களே! நோயாளிக்குச் சலுகை அளித்தவனும் அவனே. அல்பகறா அத்தியாயத்தின் 184, 185-ம் வசனங்களைப் பொருளுணர்ந்து ஓதிப் பாருங்கள். உயிருக்கு ஆபத்து என்று நம்பத்தக்க மருத்துவர் சொன்ன பின்னும் நோன்பு வைப்பது கூடாது என்பதே ஃபிக்ஹுச் சட்டம். குணமாகக் கூடியவர் பின்னர் களாச் செய்யலாம். தீரா நோயாளி ஃபித்யாக் கொடுக்கலாம். அதன் அளவைத் தத்தம் மத்ஹபின்படி ஆலிமிடம் கேட்டறிக.

வைக்கலாம் என்று மருத்துவர் அனுமதித்தவரும் ரமழானுக்கு ஆறு வாரம் முன்பே அவரைக் கண்டு மருந்து நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். ஸஹரை விடாமல், பிற்படுத்தி உண்ண வேண்டும். இஃப்தாரில் ஒரு பேரீச்சம்பழமும் ஒரு கோப்பைக் கஞ்சியும் போதும். சர்பத்தும் வாடாவும் வேண்டாம். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. 70-க்குக் கீழ் இறங்கினாலும் 300-க்கு மேல் ஏறினாலும் மஃரிப் வரை காத்திராமல் அப்போதே நோன்பை விட வேண்டும்.

இல்லத்தரசிகளே! வாப்பாவின் தட்டைக் கவனிக்கும் நீங்கள் உங்கள் உடம்பையும் சோதித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் உண்டபின் மிஞ்சிய சோற்றைப் பதினொரு மணிக்கு உண்பவர் பெரும்பாலும் நீங்களே.

அப்பெரியவர் இப்போது மஃரிபுக்குப் பின்னேயே உண்டுவிடுகிறார். காலையில் 130-ஐ ஒட்டி நிற்கிறது. நோன்பைப் பற்றி மருத்துவர் சொல்வதையே கேட்பதாக வாக்களித்திருக்கிறார். உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதனைப் பேணுவதும் வணக்கமே. வல்ல நாயன் நம் அனைவருக்கும் ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.