சாரல் ஊருக்கு எந்த ஸ்விட்ச்?

கேள்வி: கேமிங்குக்கு மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கப் போகிறேன். ரெட், புளூ, பிரவுன் இவற்றில் எது நல்லது? குற்றாலச் சாரலில் கெட்டுப்போகுமா?
– வாசகர், இலஞ்சி, தென்காசி

பதில்: முதலில் புளூவைத் தள்ளிவிடுங்கள் தம்பி. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் 'டிக்' என்று சத்தம் போடும். ராத்திரி பதினொரு மணிக்கு நீங்கள் சுட ஆரம்பித்தால் அடுத்த அறையில் அப்பா எழுந்துவிடுவார்.

ஓடிச் சுடும் விளையாட்டுகளுக்கு ரெட் போதும். செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் ரெட், ஏறக்குறைய 45 கிராம் அழுத்தத்தில், 2 மில்லிமீட்டர் இறங்கியதுமே பதிவாகிவிடும். நடுவில் தடையே இருக்காது. 1.2 மில்லிமீட்டரிலேயே பதிவாகும் ஸ்பீடு சில்வரும் உண்டு. ஆனால் விரல் சும்மா பட்டாலே எழுத்து விழும். மாத்தளம்பாறை ஸோஹோ அலுவலகம் மாதிரி ஓரிடத்தில் நாள் முழுக்க கோடு எழுதுபவர் என்றால், லேசாகத் தட்டுப்படும் பிரவுனைச் சொல்வேன்.

சாரலுக்கு வருவோம். செர்ரியின் உள்தொடுமுனை தங்கக் கலவை, எளிதில் துருப்பிடிக்காது. மலிவான நகல்களுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கீபோர்டை ஜன்னலோரம் வைக்காதீர்கள். காசு இருந்தால் ஹால் எஃபெக்ட் வகை வாங்கலாம்: காந்தமும் சென்சாரும்தான், உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை.

இல்லையென்றால் ஹாட்-ஸ்வாப் பலகையில் ரெட் வாங்குங்கள். ஒன்று பழுதானால் சால்டரிங் இல்லாமல் நீங்களே பிடுங்கி மாற்றிக்கொள்ளலாம்.