சைலன்சர் ஸ்டட் மரை போனால்

1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100, பல ஊர்களில் இன்றும் பால் கேன் சுமந்து ஓடிக்கொண்டிருக்கிறது. காற்றில் குளிரும் அந்த 97.2 சிசி எஞ்சினில் சைலன்சரை ஹெட்டோடு பிடித்திருப்பவை இரண்டே இரண்டு 6 மி.மீ. ஸ்டட்டுகள். அவற்றில் ஒன்று மரை போனால் நட்டை எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காமல் சுற்றும். ஆக்சிலேட்டரை விட்டதும் 'டப் டப்' என்று வெடிக்கும். ஹெட்டும் பைப்பும் சேரும் இடத்தில் கரி அப்பியிருக்கும்.

ஹெட் அலுமினியம், ஸ்டட் இரும்பு. சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிவதால் மரை சிறிது சிறிதாகத் தளர்கிறது. அதன் மேல் பெரிய ஸ்பேனர் போட்டு முறுக்கினால் மெத்தென்ற அலுமினிய மரை உரிந்து வந்துவிடும். அதில் எபாக்சி பசை வைத்து ஒட்டுவது வீண். புகைபோக்கிச் சூட்டுக்கு அது தாங்காது. ஹெலிகாயில் என்னும் எஃகுச் சுருள் போட்டுப் புது மரை அமைப்பதே சரியான வழி.

தேவையானவை: 6 மி.மீ. (1.0 பிட்ச்) ஹெலிகாயில் கிட், டிரில் மெஷின், புது ஸ்டட், நட், கேஸ்கெட், காப்பர் கிரீஸ், மண்ணெண்ணெய், பாதுகாப்புக் கண்ணாடி.

1. எது போனது என்று பாருங்கள். எஞ்சின் முழுவதும் ஆறட்டும். நட் சுற்றும்போது ஸ்டட் அசையாமல் நின்றால் போனது நட்டின் மரையோ ஸ்டட்டின் வெளிமரையோதான். அவற்றை மாற்றினால் போதும். ஸ்டட்டும் சேர்ந்து சுற்றினால், அல்லது கையோடு வந்து அதன் மரையில் வெள்ளிக் கம்பிபோல அலுமினியம் சுற்றியிருந்தால், போனது ஹெட்டின் மரை.

2. ஸ்டட்டைக் கழற்றுங்கள். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். ஸ்டட்டில் இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கி, உள் நட்டில் ஸ்பேனர் போட்டுத் திருப்புங்கள். வராவிட்டால் பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு, ஸ்டட்டைச் சுற்றி ஹெட்டுக்குச் சூடு காட்டுங்கள். அலுமினியம் சிவக்காமலே உருகும். தீயை ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள்.

3. துளையிடுங்கள். வேலையின் உயிர் இங்கேதான். எக்ஸாஸ்ட் வால்வு மூடியிருக்கும்படி கிராங்கைத் திருப்பி வைத்து, எக்ஸாஸ்ட் போர்ட்டில் கிரீஸ் தடவிய துணியைச் செருகுங்கள். துளையின் ஆழத்தை ஒரு கம்பியால் அளந்து, பிட்டில் அந்த அளவுக்கு ஒட்டு நாடா சுற்றுங்கள். கிட்டில் குறித்திருக்கும் பிட்டையே போடுங்கள். இந்த அளவுக்குப் பெரும்பாலும் 6.3 மி.மீ. சிடி 100-இல் போர்ட் கீழ்நோக்கி இருக்கும். மெஷினைக் கீழிருந்து பிடித்தால் சீவல் முகத்தில் கொட்டும், கண்ணாடி கட்டாயம். கை நடுங்கும் என்று தோன்றினால் ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறையில் கொடுங்கள். துளை கோணினால் ஸ்டட்டும் கோணும், சைலன்சர் உட்காராது.

4. டேப் அடியுங்கள். கிட்டோடு வரும் மரை வெட்டும் டேப்பைத்தான் பயன்படுத்த வேண்டும். சாதாரண 6 மி.மீ. டேப் சேராது. மண்ணெண்ணெய் தொட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று போங்கள். இறுகினால் வெளியே எடுத்துச் சீவலைத் துடைத்துவிட்டுத் தொடருங்கள்.

5. சுருளைப் போடுங்கள். துளையைக் காற்றடித்துச் சுத்தம் செய்து, சுருளை அதன் கருவியில் மாட்டி, அழுத்தாமல் திருகுங்கள். மேல்நுனி ஹெட்டின் பரப்புக்குக் கால் முதல் அரைச் சுற்று கீழே போனதும் நிறுத்துங்கள். அடியில் குறுக்கே நிற்கும் சிறு நாக்கைப் பஞ்ச் வைத்துத் தட்டி உடைத்து, மறக்காமல் வெளியே எடுத்துவிடுங்கள்.

6. மாட்டுங்கள். புது ஸ்டட்டின் மரையில் காப்பர் கிரீஸ் தடவி ஏற்றுங்கள். போர்ட்டில் வைத்த துணியை எடுத்த பிறகே புது கேஸ்கெட் வையுங்கள். முன் நட்டுகள் இரண்டையும் கையால் மட்டும் ஏற்றி, பின்பக்க மவுண்டிங் போல்ட்டையும் மாட்டி, சைலன்சர் தானாக உட்கார்ந்த பின் முன் நட்டுகளை மாறி மாறி இறுக்குங்கள். சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். பின் போல்ட்டைக் கடைசியில் இறுக்குங்கள். ஒரு சுற்று ஓட்டி, ஆறிய பின் மறுபடி சரிபாருங்கள்.

ஸ்டட் உள்ளேயே முறிந்திருந்தால்: நடுவில் சென்டர் பஞ்ச் அடித்து, 3 மி.மீ. துளையிலிருந்து படிப்படியாகப் பெரிதாக்குங்கள். முறிந்த ஸ்டட்டை எடுக்கும் ஈசி அவுட்டைப் போட்டு முரட்டுத்தனமாகத் திருப்ப வேண்டாம். அது உள்ளே உடைந்தால் சாதாரண பிட் அதைத் தொடக்கூட முடியாது. ஸ்டட் பிடிக்கும் மூலையே பெயர்ந்திருந்தால், ஹெட்டைக் கழற்றி ஆர்கான் வெல்டிங்கில் நிரப்பிப் புதிதாகத் துளையிடுவதுதான் வழி.

சரியாகப் போட்ட எஃகுச் சுருள், பழைய அலுமினிய மரையைவிட உறுதியானது. பின்பக்க மவுண்டிங் போல்ட் தளர்ந்தால் சைலன்சரின் ஆட்டம் முழுவதும் முன் ஸ்டட்டுகளில்தான் இறங்கும். ஆகவே ஆயில் மாற்றும்போதெல்லாம் அந்தப் போல்ட்டில் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்.