ரகசியத்துக்கு எந்தச் சட்டம் காவல்?

அமெரிக்காவில் வக்கீல் தொழிலில் இப்போதுதான் காலெடுத்து வைக்கும் பிள்ளைகளுக்கு எழுதுகிறேன். பல மாநிலங்கள் பெடரல் சாட்சிய விதிகளைப் பார்த்தே தங்களுடையதை எழுதிக்கொண்டன. அதனால் ஒன்றைப் படித்தால் மற்றதும் தெரிந்துவிட்டதாகத் தோன்றும். இரண்டும் பிரிகிற இடத்தில்தான் கட்சிக்காரர் காயப்படுவார். அதிலும் சிறப்புரிமையில், அதாவது கோர்ட்டே கேட்டாலும் சொல்லாமல் இருக்கும் உரிமையில், காயம் ஆழமாக இருக்கும்.

1. பெடரல் விதிகளில் சிறப்புரிமைகளின் பட்டியலைத் தேடாதீர்கள். உச்ச நீதிமன்றம் அனுப்பிய வரைவில் அதற்கென 13 விதிகள் இருந்தன. வாட்டர்கேட் அரசியல் ஊழல் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. அரசாங்க ரகசியத்துக்கு அந்த வரைவு கொடுத்த இடத்தைக் காங்கிரஸ் ஏற்கவில்லை. 1975-ல் விதிகள் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பகுதியில் 501 என்ற ஒரே விதிதான் மிஞ்சியது. அறிவும் அனுபவமும் காட்டும் வழியில் நீதிமன்றங்களே வளர்த்துக்கொள்ளட்டும் என்று அது விட்டுவிட்டது. ஆகவே பெடரலில் தீர்ப்புகளைப் படிக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் கதை வேறு. அங்கே சட்டத்தில் எழுதாத சிறப்புரிமையை நீதிபதி உண்டாக்க முடியாது. சாட்சியக் கோடின் 911-ம் பிரிவை முதலில் படியுங்கள்.

2. கோர்ட் கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கோரிக்கையைப் பாருங்கள். சிவில் வழக்கில் கோரிக்கை மாநிலச் சட்டத்திலிருந்து பிறந்தது என்றால், பெடரல் கோர்ட்டிலும் மாநிலத்தின் சிறப்புரிமையே செல்லும். 501-ம் விதியே அப்படித்தான் சொல்கிறது.

3. பெடரல் கோரிக்கை ஒன்றைச் சேர்க்கும் முன், கட்சிக்காரர் யாரிடம் என்ன சொல்லியிருக்கிறார் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. தொழிலுக்கு வந்த மூன்றாம் வருஷம், வேலையிடப் பாகுபாடு வழக்கு ஒன்றைக் கலிஃபோர்னியா மாநிலக் கோர்ட்டில் போட்டேன். வலு கூடட்டும் என்று பெடரல் சட்டத்தின் கீழும் ஒரு கோரிக்கை சேர்த்தேன். குடும்ப டாக்டரிடம் பேசியதை யாரும் தொட முடியாது என்று அந்தப் பெண்மணிக்கு உறுதியும் சொன்னேன். எதிர்த்தரப்பு அந்த ஒரு கோரிக்கையைக் காட்டி வழக்கைப் பெடரல் கோர்ட்டுக்கு மாற்றிக்கொண்டது. பெடரல் சட்டத்தில் டாக்டர்–நோயாளி சிறப்புரிமையே கிடையாது. சாட்சியம் இரண்டு வகைக் கோரிக்கைக்கும் பொருந்துவதால் முழுக்கப் பெடரல் சட்டமே ஆளும் என்றார் நீதிபதி. மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் பெரும்பாலானவற்றின் நிலையும் அதுதான். பல வருஷம் முன்பு கலைந்துபோன கருவைப் பற்றிய குறிப்பு உட்பட, அவருடைய மருத்துவக் கோப்பு எதிர்த்தரப்பு வக்கீலின் மேசைக்குப் போனது. பாதுகாப்பு உத்தரவு வாங்கி அதற்கு மேல் பரவாமல் தடுத்தோம். “நீங்கள்தானே சொன்னீர்கள்?” என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

4. டாக்டரையும் மனநல ஆலோசகரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். டாக்டர் ரகசியத்துக்கு நியூயார்க் 1828-லேயே சட்டம் போட்டது. பெடரல் இன்றுவரை ஏற்கவில்லை. மனநல சிகிச்சையில் பேசியதை மட்டும் 1996-ல் ஜாஃபி எதிர் ரெட்மண்ட் தீர்ப்பு காத்தது. கடமையின்போது ஒருவரைச் சுட்டுக் கொன்ற போலீஸ் அதிகாரி, பிறகு உரிமம் பெற்ற சமூகப் பணியாளரிடம் ஆலோசனைக்குப் போனார். அங்கே பேசிய குறிப்புகளைத்தான் எதிர்த்தரப்பு கேட்டது. 50 மாநிலங்களும் ஏதோ ஒரு வடிவில் இந்தச் சிறப்புரிமையை ஏற்றிருந்ததை உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. மனம் உடைந்தவர் பயமில்லாமல் பேச ஓர் இடம் வேண்டும் என்பதை நான் முழு மனதோடு நம்புகிறேன். அதே நம்பிக்கையை உடல் நோயாளிக்குப் பெடரல் சட்டம் மறுப்பது எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை.

5. கணவன்–மனைவி விஷயத்தில் இரண்டு உரிமைகள் உண்டு. எதிராகச் சாட்சி சொல்ல மறுப்பது ஒன்று, தனிமையில் பேசிக்கொண்டதைக் காப்பது மற்றொன்று. பெடரல் கிரிமினல் வழக்கில், 1980-ன் டிராமல் தீர்ப்புக்குப் பிறகு, முதல் உரிமை சாட்சி சொல்லப்போகிறவருடையது. குற்றம் சாட்டப்பட்டவர் தடுக்க முடியாது. நியூயார்க் இரண்டாவதை மட்டுமே காக்கிறது.

6. கம்பெனி ஊழியரிடம் பேசும் முன் மாநிலத்தைக் கவனியுங்கள். 1981-ன் அப்ஜான் தீர்ப்பால் பெடரலில் கீழ்நிலை ஊழியரோடு கம்பெனி வக்கீல் பேசுவதற்கும் பாதுகாப்பு உண்டு. இல்லினாய் அந்த வழிக்கு வரவில்லை. முடிவெடுக்கும் மேல்மட்டத்தாரும் அவர்களுக்கு நெருங்கிய ஆலோசனை சொல்வோரும்தான் அங்கே அந்த வட்டத்துக்குள் வருவார்கள்.

7. வக்கீல் வழக்குக்காகத் தயாரித்த குறிப்புகள், மாநிலச் சட்டமா பெடரல் சட்டமா என்ற இந்தக் கணக்கில் சேராது. பெடரல் கோர்ட்டில் அவற்றுக்கு எப்போதும் பெடரல் விதிதான்.

8. ஆயிரக்கணக்கான ஈமெயில்களை ஒப்படைக்கும்போது ஒரு ரகசியக் கடிதம் தவறிப் போய்விடலாம். பெடரல் கோர்ட்டில் இருந்தால், 2008-ல் வந்த 502-ம் விதியின் ‘டி’ பிரிவின்படி வழக்கின் தொடக்கத்திலேயே நீதிபதியிடம் உத்தரவு கேளுங்கள். ஒப்படைத்ததாலேயே சிறப்புரிமை போகாது என்று அவர் எழுதிவிட்டால், அது வேறு பெடரல் வழக்குகளிலும் மாநிலக் கோர்ட்டுகளிலும் செல்லும். எதிர்த்தரப்பு சம்மதிக்க வேண்டும் என்றுகூட இல்லை. முதல் ஆவணப் பெட்டி உங்கள் அலுவலகத்தை விட்டுப் போகும் முன்பே அந்த உத்தரவு கையில் இருக்கட்டும்.